இரண்டு விரல் அகல வெள்ளை

அந்த வியாழக்கிழமை மாலை மாடிவீட்டின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தெற்குச் சுவரை ஒட்டிய நீள சோபாவின் நடுவில் பல் டாக்டர். அதே சோபாவின் ஓரத்தில் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கிடங்குகளையும் மூழ்கிய படகுகளையும் முப்பத்திரண்டு வருடம் பார்த்து நஷ்டம் எழுதியவர், இப்போது தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் இந்த மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொடுக்கிறார். அவருக்குப் பக்கத்தில் முக்காலியில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு, அவருடைய கொழுந்தியாள். தையல்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தவள். அளவு நாடா கழுத்தில் அப்படியே கிடந்தது. மேற்குச் சுவர் ஓரம் இருந்த பிரம்பு நாற்காலியில் டாக்டரின் மச்சினன், கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர், ஒரு காலை மற்றதன்மேல் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் மனைவிக்கு உட்கார இடமில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, வடக்குச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வடக்குச் சுவரில்தான் அந்தப் படம் மாட்டியிருந்தது.

“திருடினது யாருன்னு எனக்குத் தெரியும் சார்,” என்றார் டாக்டர். “படம் எங்க இருக்குன்னுதான் தெரியணும்.”

“எங்க இருக்குன்னு தெரியாம, யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று சர்வேயர் கேட்டார். “நாங்க முதல்ல போனது என்னன்னு பார்ப்போம். யாருங்கிறது கடைசிலதான்.”

டாக்டர் சொன்ன விவரம் இது. பதினோரு வருடத்துக்கு முன், மச்சினன் அழைத்துப்போன ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தை வாங்கினார்கள். வரைந்தவரை அப்போது யாருக்கும் தெரியாது. கெட்டியான காகிதத்தில் நீர்வண்ணம். பெரிய, வெறிச்சோடிய ஒரு கூடம், சாம்பலும் பச்சையும் கலந்த சுவர், அதன் கீழே வரிசையாகக் காலி நாற்காலிகள், ஒன்று மட்டும் மஞ்சள். காகிதப் படம் என்பதால் கண்ணாடி போட்டுச் சட்டம் கட்டியிருந்தார்கள். இப்போது அந்த ஓவியரின் படங்களை வெளிநாட்டிலிருந்து வந்து வாங்கிப்போகிறார்கள்.

“நான் மனை வாங்கிப் போடற மாதிரிதான் வாங்கினேன். பொய் சொல்லல,” என்றார் டாக்டர். “இவதான் பார்த்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்குன்னா. சரி, ரெண்டும் நடக்கட்டுமேன்னு வாங்கினோம்.”

“மாமாவுக்கு அது அவர் கிளினிக் வெயிட்டிங் ரூம் மாதிரி இருந்துச்சு. நாற்காலியைப் பார்த்ததும் பேஷன்ட் ஞாபகம் வந்துருச்சு,” என்றார் போட்டோக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஆட்டிக்கொண்டிருந்த காலைக் கீழே வைத்தார்.

விலை நன்றாக ஏறிய சமயத்தில் விற்றுவிடலாம் என்று டாக்டர் ஓர் ஏலக் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். அங்கிருந்து வந்த மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் படத்தின் முன் நின்றார். வாங்கியபோது எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது அவர் கை இல்லீங்க,” என்றார். சட்டத்தைத் திருப்பினார். பின்பக்க அட்டை வெள்ளைப் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது. “சட்டம் கட்டறவங்க பழுப்புக் காகிதம்தான் ஒட்டுவாங்க. இது ஆஸ்பத்திரி சமாச்சாரமாச்சே,” என்றவர், அதற்குமேல் தொட மறுத்துவிட்டார். சந்தேகம் வந்த படத்தைத் திறந்தால் பழி திறந்தவன் தலையில் விழும் என்பது அவர் தொழிலின் வழக்கமாம். சாட்சிகள் இல்லாமல் நீங்களும் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“பிளாஸ்திரி கீழ கிளினிக்ல ஒரே அலமாரியிலதான் இருக்கு. சாவி ஒரே ஆள்கிட்ட. பதினஞ்சு வருஷமா என்கூட வேலை பார்த்த சிஸ்டர்கிட்ட. போன வருஷத்துக்கு முன் வருஷம் சட்டத்துக் கண்ணாடியை மாத்தினப்ப, கடையிலேருந்து படத்தை வாங்கிட்டு வந்ததும் அவங்கதான். வேற என்ன வேணும்?”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

டாக்டர் சோபா மெத்தையின் விளிம்பைத் தேய்த்தார். “கேட்டேன்.”

“எங்க வெச்சு?”

“கிளினிக்ல. பேஷன்ட் இருந்தாங்க. கோவத்துல கொஞ்சம் சத்தமாப் போச்சு. அவங்க ஒண்ணுமே சொல்லாம சாவியை மேஜைமேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. தப்பு செய்யாதவங்க அப்படிப் போவாங்களா? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு டாக்டர்களுக்கும் போன் பண்ணி, ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லிவெச்சேன்.”

அவர் மனைவி எழுந்து காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டில் காப்பி இன்னும் பாதி இருந்தது.

சர்வேயர் படத்தின் அருகே போனார். கொழுந்தியாள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அத்தான், வலப்பக்கம் மேல பாருங்க. நெட்டுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. ரெண்டு விரல் அகலம் இருக்கு. பழைய போட்டோவுல இது இல்ல. வெயில் பட்டு வெளுத்துருக்கும். ஜன்னல் பக்கம் மாட்டின பட்டுத்துணி இப்படித்தான் ஆகும்.”

“வெளுத்தா ஓரம் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். இது கத்திரிச்ச மாதிரி நிக்குது. கிட்ட வந்து பாரு. பச்சை வண்ணம் இந்த ஓரம் வரைக்கும் வந்து, இங்க நின்னு, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்குது. வெளுக்கல. இங்க வண்ணமே போடல.”

“காப்பியடிக்கிறவன் எதுக்கு நடுவுல காகிதத்தைச் சும்மா விடணும்?”

“அதை எழுதிக்கோ,” என்றார் சர்வேயர்.

அவள் எழுதிக்கொண்டாள். கூடவே கிழக்கு ஜன்னலைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “இந்தத் திரையைத் தெச்ச புண்ணியவான் யாரோ. துணி பத்தாம தெச்சிருக்கான். ரெண்டு பக்கத்தையும் முழுசா இழுத்தாலும் நடுவுல சந்து நிக்குது. என் கடையா இருந்தா தூக்கி மூஞ்சிலேயே எறிஞ்சிருப்பாங்க.”

சர்வேயர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பிறகு சட்டத்தைத் திருப்பிப் பிளாஸ்திரியைப் பார்த்தார். துண்டுகள் கையால் கிழிக்கப்பட்டு, நுனிகள் பிசிறு பிசிறாக அட்டையோடு படிந்திருந்தன. மொத்தம் பதினான்கு துண்டுகள். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் படத்தை மாட்டினார்.

தெருவில் இறங்கியதும் கொழுந்தியாள் சொன்னாள்: “போட்டோக்காரர்தான். கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர். படத்தோட விலை தெரிஞ்சதும் அவருக்கு. காலை ஆட்டின ஆட்டத்தைப் பார்த்தீங்களா?”

“காலை ஆட்டறவங்களை எல்லாம் பிடிச்சா ஜெயில் பத்தாது.”

மறுநாள் இருவரும் சிஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். ஓர் அச்சகத்தின் மேலே ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடும்போது தண்ணீர்க் குடம் அதிர்ந்தது. ஐம்பதைத் தொடும் வயது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை என்பது, வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர் நின்றதில் தெரிந்தது.

“வேற இடத்துல கேட்டீங்களா?” என்றார் சர்வேயர்.

“ரெண்டு இடத்துல கேட்டேன். ஆள் தேவைன்னு வாசல்ல போர்டு தொங்குது. பேரைச் சொன்னதும், எடுத்தாச்சேன்னாங்க. போர்டைக் கழட்டறதுக்குக்கூட நேரம் குடுக்கல.” அவர் சிரிக்கப் பார்த்தார். “இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான் சார். அதுல என் பேர் போயிருச்சு. மிச்சத்தை எல்லாம் எப்படியோ சமாளிச்சுக்கலாம்.”

ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி. சர்வேயர் எழுந்துபோய்ப் பார்த்தார். ஒவ்வொரு துண்டின் நுனியும் ஒரு நகத்தளவு உள்ளே மடித்துவிடப்பட்டு, சின்னக் காது மாதிரி துருத்தி நின்றது. சுவரில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டையிலும் அப்படியே. மருந்து டப்பாவின் மூடியிலும் அப்படியே.

“இதை ஏன் மடிச்சிருக்கீங்க?”

“எதை?” அவர் பார்த்தார். “ஓ, அதுவா. கையுறை போட்டுட்டா பிளாஸ்திரி நுனி விரல்ல அகப்படாது சார். அதனால கத்திரிக்கும்போதே நுனியை மடிச்சு விட்டுருவோம். பழகிப்போச்சு. வீட்ல பால் பாக்கெட்டுக்கு ஒட்டினாலும் கை தானா மடிக்குது.”

கொழுந்தியாளின் பேனா நின்றது. அவள் தலை நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள்.

“அலமாரியிலேருந்து யாருக்காவது ஒரு ரோல் குடுத்திருக்கீங்களா?” என்றார் சர்வேயர்.

கீழே இயந்திரம் நின்று மறுபடி ஓடியது.

“கேட்டு வாங்கினவங்களுக்கு வாய் இருக்கு. அவங்க சொல்லட்டும்.”

“நீங்க சொன்னா உங்க பழி இன்னிக்கே போயிரும்.”

“போகும். அப்புறம் நான் காட்டிக்குடுத்தவளா இருப்பேன். அதுக்கு இது தேவலை.” வாசல்வரை வந்தவர் சொன்னார்: “டாக்டர் எதாவது சொல்லணும்னா நேர்ல வர வேணாம்னு சொல்லுங்க. பத்துப் பேர் முன்னாடி வாயால பேசினதை நாலு சுவத்துக்குள்ள வந்து வாயாலயே அழிச்சுர முடியாது. எழுத்துல தரட்டும்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டாக்டர் கீழே நோயாளிகளோடு இருக்கும் நேரத்தில், சர்வேயர் மாடிக்குப் போனார். பிரம்பு நாற்காலியைக் காட்டி, “இங்க உட்காரலாமா?” என்று கேட்டார்.

டாக்டரின் மனைவி ஒரு கணம் தாமதித்தார். “உட்காருங்க.”

நாற்காலியின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. கைப்பிடியில் தொங்கிய துணிப்பையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. சர்வேயர் படத்தைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். எழுந்து சோபாவில் போய் உட்கார்ந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கூட வந்த கொழுந்தியாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் சோபாவில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாள்.

“தம்பி எப்பெப்ப வருவார்?” என்றார் சர்வேயர்.

“சாயந்திரம். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு. காலையில அவன் எழுந்திருச்சு நான் பார்த்ததில்ல.”

“டாக்டர் காலையில இங்க உட்காருவாரா?”

“அவர் ஏழரைக்கு இறங்கினா ஒரு மணிக்குத்தான் மேல வருவார். ஞாயித்துக்கிழமை காலையில இலவசப் பல் முகாம்.”

சர்வேயர் தலையாட்டினார். “நாளைக்கு முகாம் வேணாம்னு சொல்லியிருக்கேன். இதே பத்து மணிக்கு எல்லாரும் இங்க இருக்கணும். அதுக்கு முன்னாடி யாருக்காவது எதாவது சொல்லணும்னு தோணினா, என் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்.”

டாக்டரின் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “காப்பி ஆறிடும், குடிங்க,” என்றார்.

அன்றிரவு வரை யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் உட்காரும் இடங்களை மாற்றினார். போட்டோக்காரரை முக்காலிக்கும், கொழுந்தியாளைச் சோபாவுக்கும் அனுப்பினார். டாக்டரின் மனைவி வாசற்படியோரம் நின்றுகொண்டார். டாக்டரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“இது அவ உட்கார்ற இடம்,” என்றார் டாக்டர்.

“தெரியும். இன்னிக்கு நீங்க உட்காருங்க. படத்துல எத்தனை நாற்காலி?”

“பத்து இருக்கும். பன்னெண்டோ?”

“உங்க வெயிட்டிங் ரூமைப் பத்தி இல்ல, படத்தைப் பத்திக் கேக்கறேன் டாக்டர். எண்ணுங்க.”

டாக்டர் எண்ணினார். ஒன்பது இருந்தன. அவர் காது சிவந்தது.

“மேல வலப்பக்கம் என்ன தெரியுது?”

“வெள்ளையா ஒரு பட்டை. மின்னுது.”

“தலையைக் கொஞ்சம் நகர்த்துங்க.”

டாக்டர் நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். “ரெண்டு இருக்கு,” என்றார் மெதுவாக. “ஒண்ணு மேல ஒண்ணு. மின்னறது நகருது. அடியில இருக்கிற வெள்ளை அங்கேயே நிக்குது.”

“நகர்றது கண்ணாடியில விழற வெளிச்சம். எதிர்ல கிழக்கு ஜன்னல். திரை பத்தாததால நடுவுல எப்பவும் ஒரு சந்து. அதைக் கண்டுபிடிச்சது இவ. நான் இல்ல.” கொழுந்தியாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “காலையில வெயில் அந்தப் பக்கம் இருக்கும்போது சந்து பளிச்சுன்னு இருக்கும். அது படத்துக் கண்ணாடியில இந்த இடத்துல தெரியணும்னா, பார்க்கிறவர் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கணும். சோபாவிலேருந்து தெரியாது. முக்காலியிலேருந்து தெரியாது. மத்தியானத்துக்கு மேல எங்கேயிருந்தும் தெரியாது. அசலைப் பார்த்து இதை வரைஞ்சவர், அந்த வெளிச்சத்துக்கும் சேர்த்து இடம் விட்டு வரைஞ்சிருக்கார். அப்ப வரைஞ்சவர் எங்க உட்கார்ந்திருந்தார், எத்தனை மணிக்கு உட்கார்ந்திருந்தார்னு படமே சொல்லிருது.”

“அப்ப கடைக்குப் போன இடத்துல மாத்தல,” என்றார் போட்டோக்காரர்.

“இந்த வீட்டை விட்டு எதுவும் வெளிய போகவே இல்ல. பிளாஸ்திரிக்கு வருவோம். சிஸ்டர் கை பிளாஸ்திரி நுனியை மடிக்காம விடாது. அவங்க வீட்டு ஜன்னல்ல மடிச்சிருக்கு, டப்பாவுல மடிச்சிருக்கு. கீழ உங்க கிளினிக் அலமாரியிலயும் இன்னிக்குக் காலையில பார்த்தோம், பாதி ரோல் ஒவ்வொண்ணுலயும் நுனி மடிச்சிருக்கு. சட்டத்துக்குப் பின்னாடி பதினாலு துண்டு. ஒண்ணுலகூட மடிப்பு இல்ல. பதினஞ்சு வருஷம் உங்க பக்கத்துல நின்னு உங்க கையில எடுத்துக் குடுத்தாங்களே, அந்த நுனியை நீங்க ஒரு நாளாவது பார்த்திருப்பீங்க.”

டாக்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் கைக்கு அது தெரியும்,” என்றார். “எனக்குத்தான் தெரியல.”

பிறகு அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். துணிப்பையைப் பார்த்தார். கடைசியில் வாசற்படியைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார் டாக்டரின் மனைவி.

“அக்கா,” என்றார் போட்டோக்காரர்.

“நீ பேசாம இரு.” அவர் நின்ற இடத்திலிருந்தே பேசினார். “வீடு காலியாகிற நேரம் அது. தினமும் இங்க உட்காருவேன். ஒரு நாள் வரைஞ்சு பார்ப்போம்னு தோணிச்சு. பள்ளிக்கூடத்துல விட்டது. மூணு வருஷம் ஆச்சு ஒரு மாதிரி வர்றதுக்கு. பரண்ல இன்னும் இருபது கிடக்கு, நாற்காலி எல்லாம் கோணலா. அந்த வெளிச்சம் கண்ணாடியோடதுன்னு எனக்குத் தெரியும். தெரியாம போடல. ஆனா நான் பார்த்த படத்துல அது இருந்துச்சு. அதை விட்டுட்டா அது என் படம் இல்ல.”

“மாட்டினது?” என்றார் சர்வேயர்.

“விலை ஏறிருச்சு, தள்ளிவிட்ரலாம்னு இவர் சொன்ன அன்னிக்கு. ஒரு நாள் என்னுதை மாட்டிப் பார்ப்போம், சாயந்திரம் வந்ததும் இதென்ன வெள்ளையான்னு கேப்பார், சிரிச்சுக்கிட்டே சொல்லிரலாம்னு நினைச்சேன். சிஸ்டர்கிட்ட ஒரு ரோல் வாங்கினேன், பிரிச்சேன், ஒட்டினேன். இவர் வந்தார், அதுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் கேப்பார்னு பார்த்தேன். பதினாலு மாசம் பார்த்தேன்.”

டாக்டர் முகத்தைத் துடைத்தார். பல்லில் உள்ள மயிரிழை விரிசலை விளக்கே இல்லாமல் கண்டுபிடிப்பார் என்று நோயாளிகள் சொல்வதை எல்லோரிடமும் சொல்லிக்காட்டுகிறவர் அவர். அன்று யாரும் அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தத் தேவையும் இருக்கவில்லை.

“மதிப்பீட்டாளர் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே,” என்றார் அவர்.

“சொல்லியிருக்கலாம். உங்களைப் பார்த்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தேன், அதான் சொல்லல. அப்புறம் கீழ சத்தம் கேட்டுச்சு. பாதிப் படி இறங்கி வந்தேன். நீங்க பிளாஸ்திரின்னு கத்தினீங்க. சிஸ்டர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாங்க. ஒரே ஒரு தடவை. நான் சொல்லுவேன்னு காத்திருந்தாங்க. நான் மேல ஏறி வந்துட்டேன். நேத்து சார் கதவு திறந்திருக்கும்னார். செருப்பைப் போட்டுட்டுக் கேட்வரைக்கும் போனேன். அதோட சரி.”

சட்டத்தைச் சாட்சிகள் முன் சர்வேயர் திறந்தார். பதினான்கு துண்டுகளையும் கொழுந்தியாள் தையல் கத்திரியால் ஒவ்வொன்றாக வெட்டினாள். அட்டையை எடுத்ததும் முதலில் தெரிந்தது பழைய கெட்டிக் காகிதத்தின் முதுகு. ஓவியரின் படம் அங்கேயே இருந்தது. அதற்கு முன்னால் மெல்லிய காகிதத்தில் மற்றது. விலைபோகும் படம் பதினான்கு மாதமும் அதே சுவரில், அதே ஆணியில், ஒரு காகிதத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை.

“நஷ்டம் எதுவும் இல்ல,” என்று வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்தைச் சர்வேயர் சொல்லவில்லை.

“நான் மூணு கல்யாண வீட்ல சொல்லிட்டேன்,” என்றார் போட்டோக்காரர் திடீரென்று. “எங்க மாமா கிளினிக்ல திருட்டுன்னு. கதை மாதிரி சொன்னேன். நல்லாச் சிரிச்சாங்க.”

“நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்,” என்றாள் கொழுந்தியாள் அவரிடம். “பித்தான் வாங்க வந்தவங்ககிட்டகூட ஜாடையாச் சொல்லிட்டேன். தப்புதான்.”

“என்னையா? வட்டம் போடச் சொன்னா எனக்கு முட்டை வரும்மா.”

“எனக்கும் ஒண்ணு இருக்கு,” என்றார் சர்வேயர். “நேத்துக் காலையிலேயே எனக்குத் தெரியும். அம்மாவே வந்து சொன்னா கௌரவமா இருக்குமேன்னு ஒரு நாள் தள்ளிப்போட்டேன். இங்க இருக்கிறவங்க மானத்தைப் பார்த்தேன். அந்த ஒரு நாளும் பழி அங்க ஒருத்தங்க தலையிலதான் இருந்துச்சு.”

டாக்டர் எழுந்தார். “நான் போய் அவங்க கால்ல விழறேன்.”

“வேணாம். அவங்க வர வேணாம்னுட்டாங்க.” சர்வேயர் சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னார். “எழுத்துல கேட்டிருக்காங்க.”

சாப்பாட்டு மேஜையில் காகிதம் வந்தது. டாக்டர் ஒரு பக்கம் எழுதிச் சர்வேயரிடம் நீட்டினார். அன்றைய சூழ்நிலையின் காரணமாகச் சில கசப்பான வார்த்தைகள் பரிமாறப்பட்டுவிட்டதாகவும், அதற்காக வருந்துவதாகவும் இருந்தது.

“சூழ்நிலையை அடிங்க,” என்றார் சர்வேயர். “சூழ்நிலை யாரையும் நிக்கவெச்சுக் கத்தல. பரிமாறவும் இல்ல. அவங்க உங்களுக்குத் திருப்பி ஒரு வார்த்தை குடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப அதையும் அடிங்க.”

மூன்றாவது காகிதத்தில் கடிதம் சின்னதாகிவிட்டது. *நீங்கள் திருடியதாக நோயாளிகள் முன் நான் கத்தினேன். நீங்கள் திருடவில்லை. எதுவுமே திருட்டுப் போகவில்லை. உங்களுக்கு வேலை கொடுக்காதபடி இரண்டு டாக்டர்களிடம் சொன்னேன். உண்மையை இன்று அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். திரும்பி வாருங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இது மாறாது.* அதற்குக் கீழே அவர் மனைவி தன் கையெழுத்தில் நான்கு வரி எழுதினார்: *பிளாஸ்திரியை உங்களிடம் வாங்கியது நான். படியில் நின்றதும் நான். நீங்கள் பார்த்தீர்கள். நான் திரும்பிக்கொண்டேன்.*

“அன்னிக்கு வெயிட்டிங் ரூம்ல எத்தனை பேர்?” என்றாள் கொழுந்தியாள்.

டாக்டர் கீழே போய் அப்பாயின்ட்மென்ட் நோட்டைக் கொண்டுவந்தார். ஏழு பேர், விலாசத்தோடு. சிஸ்டரின் கையெழுத்து. அவர் ஒவ்வொரு விலாசமாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கடிதத்தை நகலெடுக்கலாமே என்று போட்டோக்காரர் சொன்னதற்கு, “கத்தும்போது நகலெடுத்துக் கத்தல,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். போட்டோக்காரரும் ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டு, மூன்று கல்யாண வீடுகளின் பெயர்களை யோசித்தார். முடிக்க மாலை ஆயிற்று. விற்பதைப் பற்றி அன்று யாரும் வாயெடுக்கவில்லை.

திங்கட்கிழமை கிளினிக் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும் என்று வாசலில் எழுதி மாட்டிவிட்டு, டாக்டரும் மனைவியும் தபால் ஆபீசுக்கு நடந்தார்கள். மற்ற கடிதங்கள் சாதாரணத் தபாலில் போயின. சிஸ்டருக்கானதை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றார் டாக்டரின் மனைவி. அவர் கையில்தான் போய்ச் சேர வேண்டும். பசை ஜாடியில் குச்சியை விட்டு உறையின் மடலில் தடவி, ஓரம் ஓரமாக விரலால் அழுத்தி ஒட்டினார். டாக்டர் அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதினார். மனைவி பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரையும் எழுதினார்.

கவுண்டரில் இருந்தவர் உறையைத் தராசில் வைத்துவிட்டுப் பார்த்தார். “அனுப்பறவங்க ஒருத்தர் பேர் போதும்மா.”

“ரெண்டு பேரும்தான் அனுப்பறோம்,” என்றார் அவர்.

கவுண்டர்காரர் தோளைக் குலுக்கினார். முத்திரையை மையில் ஒற்றி, இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் திறந்திருந்த பைக்குள் போட்டார்.